நம்பிக்கையாளர் ஒப்பமிட வேண்டிய ஒரு தாள்



நமது சம்மாந்துறைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் அமர்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாம் ஒரு தாளில் எழுதி, அதில் அவரிடம் ஒப்பம் வாங்க வேண்டும். இன்று நான் கேட்க வந்தது இதைத்தான். கடை வாடகையும் வயற்காணிக் குத்தகையும் மாதச் சந்தாவும் வந்து சேருகிற இடம் பள்ளி. நமது கிழக்குக் கரையில் வீடு பெரும்பாலும் பெண்மக்களின் பேரில் இருக்கிறது. சந்தாவும் அந்த வீட்டிலிருந்துதான் போகிறது. ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் இருப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக நடப்பார்கள் என்பதை நம்பித்தான் அவர்கள் கொடுக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல்களைப் பதியச் சொல்கிறது, நம்பிக்கையாளர்களிடம் கணக்குக் கேட்கிறது. 1982 திருத்தம் வக்பு நியாய சபையையும் தந்தது. ஆனால் கணக்கு, முடிந்துபோன காரியத்தைத்தான் காட்டும். பள்ளிக்குச் சொந்தமான கடையொன்று சபை உறுப்பினரின் தம்பிக்கு வாடகைக்குப் போகிறது என்று வையுங்கள். வாடகை மாதாமாதம் வந்தால் கணக்குச் சரி. அந்த வாடகையை யார் தீர்மானித்தார்கள், அண்ணன் அப்போது அதே மேசையில் இருந்தாரா என்பது எந்தக் கணக்கேட்டிலும் வராது. இலாபத்துக்காக நடக்கும் கம்பனியின் பணிப்பாளர்கூடத் தனக்குள்ள நலனை வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது 2007 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம். அல்லாஹ்வுக்காக ஒப்படைத்த சொத்துக்கு அதைவிடக் குறைந்த காவல் போதுமா?

அடுத்த மறுப்பு கனமானது. தொழுகையாளிகளை, ஊர் மதிக்கும் பெரியவர்களை, கையொப்பம் கேட்டுச் சந்தேகிப்பதா என்பது. இப்னுல் லுத்பிய்யாவின் செய்தியை நினைத்துப் பாருங்கள். நபியவர்கள் அனுப்பி ஸகாத் திரட்டப் போன அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தாய் தகப்பன் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று எல்லோரும் கேட்கக் கேட்டார்கள். ஒருவரை அழைத்துத் தனியே கண்டித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், பேரைச் சொல்லாமலே எல்லாப் பொறுப்பாளருக்குமான ஒழுங்காக்கினார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதி வைக்கச் சொல்கிற வசனம்தான், அது விளித்துப் பேசுவது ஈமான் கொண்டவர்களை. உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தைப் பதிந்து வைத்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆளுநர்களில் சஹாபாக்களும் இருந்தார்கள். அவர்களின் சொத்தே எழுதி வைக்கப்பட்டது.

இன்னொரு மறுப்பு நமக்கே உரியது. இந்தக் கரையில் பள்ளிச் சபைக்கு மரைக்காயர் தாய்வழிக் குடிப்படி வருகிறார். எல்லாக் குடிக்கும் ஓர் ஆசனம் கிடைத்ததால் எந்தக் குடியும் புறந்தள்ளப்படவில்லை. அந்த நன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் குடி அனுப்பியவர் உள்ளே வந்தபின் முழு ஜமாஅத்தின் சொத்துக்குப் பொறுப்பாளி. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், சொந்தக்காரர் காரியம் வரும்போது எழும்பிப் போகச் சொன்னால் அறையில் ஆளிருக்காதே என்கிறீர்கள். நியாயம். ஆகவே குடி உறவைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவோம். தான், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார், தொழிற்பங்காளி, இவர்களின் பணம் சம்பந்தப்பட்ட விடயம் வரும்போது மட்டும் அதைச் சொல்லிவிட்டு வெளியே போகட்டும், போனதைக் கூட்டக் குறிப்பில் எழுதட்டும். கேள்விப்பத்திரம் இல்லாமல் வேலை கொடுக்கக்கூடாது. பள்ளிக் காசைத் தற்காலிகமாகக்கூடக் கைமாற்றாக எடுக்கக்கூடாது. இமாமையும் முஅத்தினையும் சொந்த வேலைக்கு ஏவக்கூடாது.

சம்பளமில்லாத பதவிக்கு இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்ற அச்சம் எனக்கில்லை. வீண்பழிக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் படித்த இளைஞருக்கும் நேர்மையான வியாபாரிக்கும் இந்தத் தாள்தான் பாதுகாப்பு, ஏனென்றால் தான் வெளியே போனதற்கு அதில் சாட்சி இருக்கும். அடுத்த சபையின் பெயர்கள் நியமனத்துக்காக வக்பு சபைக்குப் போவதற்கு முன், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இதை ஜமாஅத் முன் வாசித்து ஒப்பம் வாங்குங்கள். ஒரு பிரதியைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இன்னொன்றைப் பெண்கள் மதரசாவுக்கு அனுப்புங்கள்.