குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பின் குழந்தை: ரோபோ அறுவை சிகிச்சை என்ன செய்யும்?

(நம் சங்கக் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எழுபது வயதைத் தாண்டியவன் பேச எடுத்துக்கொள்ளும் விஷயமா இது என்று நம் செயலாளர் கேட்டார். காரணம் உண்டு. "குழந்தை போதும்" என்ற முடிவையும், "இன்னொன்று வேண்டும்" என்ற முடிவையும் நம் வீடுகளில் பல சமயம் பெரியவர்களாகிய நாம்தான் எடுக்கிறோம். முடிவு எடுப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? நான் டாக்டர் இல்லை. விலங்கியலில் பட்டம் பெற்று, அரசு உத்தியோகத்தில் காலம் கழித்தவன். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் தேசத்தில் குடும்ப நலத் திட்டம் 1952ல் ஆரம்பமானது. சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" வாசகமும் என் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அதனால் எழுந்த கசப்பில் ஆண்கள் விலகிக்கொண்டார்கள். பாரம் முழுவதும் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவிகிதம்தான். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் முப்பது வயது ஆவதற்குள்ளேயே ஆபரேஷனை முடித்துக்கொண்டவர்கள். இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்றால், "வயிற்றைத் திறந்தபோதே அதையும் முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

வாழ்க்கை எப்போதும் நாம் போட்ட கணக்குப்படி நடப்பதில்லை. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. கணவனை இழந்தோ, விவாகரத்தாகியோ மறுமணம் செய்துகொள்பவர்களும் இன்று நம் சமூகத்தில் உண்டு. அமெரிக்காவில் கருத்தடை செய்துகொண்ட சுமார் 11,000 பெண்களை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்து, 1999ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னால் வருந்தினார். முப்பதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் அது சுமார் 6 சதவிகிதம்தான்.

இனி சிகிச்சைக்கு வருவோம். கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள கருக்குழாய்கள் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. கர்ப்பப்பையை ஒட்டிய பகுதியில் உள்துவாரம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். கருத்தடை ஆபரேஷனில் இந்தக் குழாயை வெட்டிக் கட்டுவார்கள், அல்லது வளையமோ கிளிப்போ போடுவார்கள், அல்லது மின்சாரத்தால் தீய்ப்பார்கள். மறுபடி குழந்தை வேண்டுமானால், கெட்டுப்போன பகுதியை நீக்கிவிட்டு, இரு முனைகளையும் துவாரத்துக்குத் துவாரம் பொருந்தும்படி சேர்த்துத் தைக்க வேண்டும். இதைத்தான் ரீகேனலைசேஷன் என்கிறார்கள். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. தைத்த பிறகு கர்ப்பப்பை வழியாக நீல மருந்தைச் செலுத்தி, குழாயின் மறுமுனையில் அது வருகிறதா என்று பார்ப்பார்கள்.

1970களில் கனடாவில் விக்டர் கோமெல், இங்கிலாந்தில் ராபர்ட் வின்ஸ்டன் ஆகிய டாக்டர்கள் மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கும் முறையை வளர்த்தார்கள். பலன் நன்றாக இருந்தது, ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு லாப்ராஸ்கோப்பி வந்தது. துளை சிறியதுதான். ஆனால் நீளமான குச்சிகளைக்கொண்டு மெல்லிய நூலில் முடிச்சுப் போடுவது மிகக் கடினம். கையை வலப்புறம் அசைத்தால் உள்ளே நுனி இடப்புறம் போகும்.

ரோபோ உதவுவது இந்த இடத்தில்தான். ரோபோ என்றவுடன் யந்திரம் தானாகவே ஆபரேஷன் செய்கிறது என்று நினைக்க வேண்டாம். அது தானாக ஒரு தையல்கூடப் போடாது. டாக்டர் சில அடி தள்ளி உட்கார்ந்து, உள்ளே இருப்பதைப் பல மடங்கு பெரிதாக, முப்பரிமாணத்தில் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். கருவியின் நுனி நம் மணிக்கட்டைப் போல எல்லாப் பக்கமும் திரும்பும். டாக்டரின் கை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி 1 சென்டிமீட்டர்தான் நகரும்படி அமைத்துக்கொள்ளலாம். கை நடுக்கம் வடிகட்டப்பட்டுவிடும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 1990களின் கடைசியில் ஜீயஸ் என்ற ரோபோவைக்கொண்டு இந்தச் சிகிச்சையை முதலில் செய்தார்கள். டாவின்ச்சி என்ற ரோபோவுக்கு மகளிர் சிகிச்சைக்கான அமெரிக்க அனுமதி 2005ல் கிடைத்தது. இன்று நம் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ரோபோ இருக்கிறது.

பலன் எப்படி? 2007ல் கிளீவ்லண்ட் கிளினிக் டாக்டர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 26 பேருக்கு ரோபோ, 41 பேருக்குச் சிறிய கீறல் வழியாகக் கையால் தையல். கருத்தரித்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ரோபோவுக்கு நேரமும் செலவும் அதிகம். ஆனால் அந்தப் பெண்கள் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே வேலைக்குத் திரும்பினார்கள். பெல்ஜியத்தில் ரோபோவால் சிகிச்சை பெற்ற 97 பேரைப் பற்றி 2010ல் வந்த கட்டுரையில், மொத்தத்தில் 71 சதவிகிதம் பேர் கருத்தரித்தார்கள் என்று கண்டிருக்கிறது. வயதுவாரியாகப் பார்த்தால் 35க்கு உட்பட்டவர்களில் 91 சதவிகிதம், 43க்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒருவர். அப்படிக் கருத்தரித்த மூத்தவர்களிலும் குழந்தை கையில் கிடைத்தது மிகச் சிலருக்கே.

ஆகவே விளம்பரத்தைப் பார்த்து "எந்த மருத்துவமனையில் ரோபோ இருக்கிறது?" என்று முதலில் கேட்பதில் பயனில்லை. முதலில் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பெண்ணின் வயது என்ன, கருமுட்டை இருப்பு எவ்வளவு? இரண்டு, பழைய ஆபரேஷன் எந்த முறையில் நடந்தது? கிளிப் அல்லது வளையம் என்றால் குழாயில் சேதம் குறைவு. தீய்த்திருந்தால் சேதம் அதிகம். முட்டையை ஏந்தும் விரல் போன்ற நுனியையே வெட்டியிருந்தால் சேர்த்துத் தைக்க வழியில்லை. தைத்த பிறகு குறைந்தது 4 சென்டிமீட்டர் குழாயாவது தேறுவது நல்லது. மூன்று, கணவரின் விந்துப் பரிசோதனை சரியாக இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால், நான்காவதாக ரோபோவா கையா என்று கேட்கலாம். யந்திரத்தைவிட, இதே ஆபரேஷனை அந்த டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பது முக்கியம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் போங்கள். பல வீடுகளில் அந்தக் காகிதமே இருப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தைத்த குழாயிலேயே கரு தங்கிவிடும் அபாயம் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். நாள் தள்ளிப்போன உடனே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

குழாய் தேறாதவர்களுக்கும், வயது கூடியவர்களுக்கும் டெஸ்ட் டியூப் முறை உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 வயது வரையுள்ள பெண்களுக்கு அந்தச் சிகிச்சை அளிக்கலாம். குழாயைச் சரிசெய்தால் மாதாமாதம் இயற்கையாகவே வாய்ப்பு வரும். டெஸ்ட் டியூப் முறையில் ஒவ்வொரு முயற்சிக்கும் தனிச் செலவு, தனி ஊசிகள். சட்டப்படி தத்து எடுத்துக்கொள்வதும் நல்ல வழியே.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் எத்தனையோ தாய்மார்கள் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். அவர்களில் பலர் கருத்தடை செய்துகொண்டவர்கள். அரசாங்கம் அவர்களுக்கு இலவசமாக ரீகேனலைசேஷன் செய்ய ஏற்பாடு செய்தது. சிலர் மறுபடி தாயானார்கள். அந்தச் சிகிச்சை அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் துக்கத்தில் இருப்பவள் எல்லோரும் அதையே விரும்புவாள் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. என் உறவில் ஒரு மாட்டுப்பெண். ஒரு பிள்ளை, ஒரு பெண். 28 வயதில் இரண்டாவது சிசேரியனோடு கருத்தடையும் ஆயிற்று. அவளுக்கு 38 வயதானபோது பிள்ளை சாலை விபத்தில் போய்விட்டான். வருஷம் திரும்புவதற்குள் பெரியவர்கள் கூடி, ரோபோ ஆபரேஷனுக்கு எங்கே போகலாம், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் பேசி முடித்துவிட்டோம். நானும் அங்கே இருந்தேன். காபி கொண்டு வந்து வைத்தவள் சொன்னாள்: "அண்ணா, நீங்கள்லாம் ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசறேள். எனக்கு வேணுமான்னு யாரும் கேக்கலையே." கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளும் கணவனும் தாங்களாகவே ஒரு டாக்டரைப் பார்த்தார்கள், சாதகபாதகங்களைக் கேட்டார்கள், வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இருக்கும் பெண்ணை நன்றாக வளர்க்கிறார்கள். வேறொருத்தி வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் சரியே. கேட்க வேண்டியது அவளைத்தான்.

இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. ரோபோ இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கருத்தடை செய்துகொள்ளாதீர்கள். அதை நிரந்தரம் என்றே கருத வேண்டும். முப்பது வயதுக்குள் சந்தேகம் இருந்தால் காப்பர்-டி போல எடுத்துவிடக்கூடிய சாதனங்கள் இருக்கின்றன. நிச்சயமாகப் போதும் என்றால் கணவர் செய்துகொள்ளலாம். கத்தியில்லா வாசக்டமி சில நிமிஷ வேலை, அன்றே வீடு திரும்பலாம். இதைச் சொன்னதும் முன்வரிசையில் சில முகங்கள் மாறுவது தெரிகிறது! பரவாயில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.