சர்க்கரை வியாதியும் உள்ளே எழும் புகையும்

(பொன்விழா ஆண்டு மருத்துவ முகாமின் நிறைவில் பங்கு மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற ஒரு தாயார், "டாக்டர், எனக்குச் சர்க்கரை இருக்கு. ஆனா உடம்புக்கு ஒண்ணும் செய்யலை, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்கள். எனக்குத் தரப்பட்ட நேரம் முழுவதையும் அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லவே செலவிடப் போகிறேன். ஏனெனில் அப்படிச் சொல்வோர் அவர்கள் ஒருவர் மட்டுமல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

சர்க்கரை மிகுந்தால் உள்ளே என்ன நடக்கிறது? நம் வீட்டு விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாக விறகு வைத்தால் தீ நன்றாக எரியும், புகை கொஞ்சம்தான். அடுப்பு கொள்ளாத அளவு விறகைத் திணித்தால் வீடெல்லாம் புகை, சுவரெல்லாம் கரி. நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. சர்க்கரை விறகு, நாம் சுவாசிக்கும் பிராணவாயு அதை எரிக்கிறது. அப்போது சூப்பர் ஆக்ஸைடு போன்ற கேடு செய்யும் பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. இவையே நான் சொல்லும் புகை.

இந்தப் புகையை அகற்ற உடம்பே வழி வைத்திருக்கிறது. அதற்கென்றே ஒரு நொதிப்பொருள் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் கண்டறிந்தார்கள். புகை அளவு மீறி, அகற்றும் சக்தி அதற்கு ஈடு கொடுக்க முடியாமற் போகும் நிலைக்கு ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்முட் சீஸ் 1985-இல் 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று பெயரிட்டார்.

சர்க்கரை வியாதி ஏன் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தேடிப் போய்த் தாக்குகிறது? அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பெரும்பாலான உயிரணுக்கள் தம் கதவைச் சற்றே சாத்திக்கொள்கின்றன. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களின் அணுக்களும், நரம்போடு சேர்ந்த அணுக்களும் அப்படிச் சாத்திக்கொள்ள இயலாதவை. வெளியே சர்க்கரை எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவு. எனவே புகை அங்கேதான் அதிகம்.

இந்தப் புகை, இரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை அழிக்கிறது, குழாய் விறைக்கிறது. இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை, பழைய எண்ணெய் காறிப் போவதுபோல் கெடுத்து, குழாய்ச் சுவரில் படியச் செய்கிறது. இவற்றில் எதற்கும் வலி கிடையாது. "ஒண்ணும் செய்யலை" என்று நாம் இருக்கும் ஆண்டுகளில்தான் இத்தனையும் நடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தச்சர் தம் மனைவியுடன் என்னிடம் வந்தார். கால் பெருவிரலில் ஆழமான புண். "எப்போது குத்தியது?" என்றேன். "அவருக்கே தெரியாதுங்க டாக்டர். படுத்திருந்தப்ப நான்தான் பார்த்தேன்" என்றார் அந்த அம்மா. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் துணிப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை. யாரோ சொல்லி, விலை கொடுத்து வாங்கியது. அதை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தி நான்கு மாதமாகியிருந்தது. அந்த விரலை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அவர் மீது நான் குறை சொல்லமாட்டேன். வாழைப்பூவை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம், கறுக்காமல் இருக்கிறது. உடம்புக்கும் அப்படி ஒரு மோர்த் தண்ணீர் இருக்குமென்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் எதிர்பார்த்தது. சோதித்தும் பார்த்தது. இருதய நோய்க்கு ஆளாகக்கூடிய 9,500-க்கும் அதிகமானோரிடம் (இவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள்) வைட்டமின் ஈ சோதிக்கப்பட்டது. நாலரை ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2000-இல் முடிவு வெளியாயிற்று. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதாகவே 1994-இல் தெரியவந்தது.

அடுப்பில் விறகு திணித்தபடியே இருக்க, விசிறியால் புகையை ஓட்டி என்ன பயன்? விறகை வெளியே இழுக்க வேண்டும். அதன் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோர்க்குக் கண் பாதிப்பு தோன்றும் அபாயம் 76 சதவீதமும், நரம்புக் கோளாறு 60 சதவீதமும் குறைந்தன. நம்மில் பெரும்பாலோர்க்கு உள்ள இரண்டாம் வகையிலும் கட்டுப்பாடு பலன் தருகிறது என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1998-இல் காட்டியது. தொடக்க ஆண்டுகளின் கட்டுப்பாடு பல ஆண்டுகள் கழித்தும் இருதயத்தைக் காக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. எனவே, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. மருத்துவர் சொன்ன மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். சோற்றைக் குறைத்து, கீரையும் காய்கறியும் கூட்டுங்கள்; தினமும் நடங்கள். பீடி, சிகரெட் வெளியிலிருந்து கூடுதல் புகையைக் கொண்டுவருகின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரையும் சோதியுங்கள். இரவு படுக்குமுன் உங்கள் கால்களை நீங்களே பாருங்கள்; முடியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். சர்க்கரை குறைக்கும் மருந்து சாப்பிடுவோர் தவக்காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று தாழ்வதும் ஆபத்தே. நோயுற்றோர்க்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதைப் பங்குத்தந்தை அவர்களே சொல்வார்கள்.

காலையில் பேசிய அந்தத் தாயார் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அம்மா, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பது உண்மையே. காப்பாற்ற வேண்டிய யாவும் இன்னும் கெடாமலிருக்கும் காலம் இது. இன்றே தொடங்குங்கள்.