அடகுக்கடைப் போர்வையும் நம்ம கணக்கு நோட்டும்

(விக்கிரமங்கலத்தில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நாம் பேசப்போவது கடன், வட்டி, கணக்கு பற்றித்தான். ஆனால் அதைப் பழைய சினிமாக்களை வைத்துப் பேசலாம் என்றிருக்கிறோம். கணக்கு என்றால் தூக்கம் வரும், சினிமா என்றால் யாருக்கும் தூக்கம் வராது, இல்லையா?

கீற்றுக் கொட்டாயில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த பாட்டிமார்கள் இங்கேயும் இருப்பீங்க. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யைச் சொன்னால், கோர்ட்டில் சிவாஜி பேசிய வசனம்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் படத்தின் கல்யாணியை நினைத்துப் பாருங்க. புருஷனும் போய், அப்பாவும் போய், வீடும் போன பிறகு கைக்குழந்தையோடு இட்லி விற்றுப் பிழைக்கிறாள். இன்றைக்கு நம் குழுக்களில் இட்லிக்கடைக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவளுக்கு அப்போது ஒரு குழு இல்லை.

இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் ராஜா ராணிக் கதையை விட்டுவிட்டு, ஏழை வீட்டுக் கதையைப் படம் எடுத்தார்கள். அப்படி வந்த மூன்று படங்களைப் பார்ப்போம்.

முதல் படம்: போர்வை

1948-ல் இத்தாலி நாட்டில் வந்த படம் 'சைக்கிள் திருடர்கள்'. எடுத்தவர் விட்டோரியோ டி சிகா. போரில் நொந்துபோன ரோம் நகரம். வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா என்ன செய்கிறாள்? கல்யாணச் சீராகக் கொண்டுவந்த போர்வைகளை எடுத்து மூட்டை கட்டி அடகு வைத்து, சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். அடகுக்கடைக்காரர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார், ஏறுகிறார், கூரை வரைக்கும் ஏறுகிறார். அங்கே பார்த்தால் நூற்றுக்கணக்கான வீட்டுப் போர்வைகள்! அந்த ஊரே அடகில் கிடக்கிறது என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போய்விடும். அப்பாவும் சின்னப் பையனும் ஊரெல்லாம் தேடி அலைவதுதான் கதை. அப்பாவாக நடித்தவர் நடிகர் அல்ல, நிஜமான ஆலைத் தொழிலாளி.

இரண்டாவது படம்: நிலம்

அந்தப் படம் 1952-ல் நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதைப் பார்த்த பிமல் ராய், 1953-ல் இந்தியில் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். இரண்டு பிகா நிலம் என்று அர்த்தம். வங்காளக் கணக்கில் சுமார் 66 சென்ட்.

சம்பு ஒரு சிறு விவசாயி. அவன் கணக்குப்படி ஜமீன்தாருக்குத் தரவேண்டிய கடன் 65 ரூபாய். மனைவியின் தோடு வரைக்கும் விற்றுப் பணத்தைக் கொண்டுபோகிறான். அங்கே கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டி, 235 ரூபாய் என்கிறான்! ஜமீன்தாருக்கு அந்த இடத்தில் ஆலை கட்டவேண்டும், அதனால் பொய்க்கணக்கு. கோர்ட்டுக்குப் போனாலும் சம்பு கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மூன்று மாதம் கெடு. கல்கத்தாவுக்குப் போய்க் கை ரிக்‌ஷா இழுக்கிறான். அப்படியும் நிலம் ஏலத்தில் போய்விடுகிறது. கடைசியில் தன் மண்ணில் ஒரு பிடி எடுக்கிறான், காவலாளி அதையும் கீழே போடச் சொல்கிறான்.

மூன்றாவது படம்: காப்பு

1957-ல் மெகபூப் கான் எடுத்த 'மதர் இந்தியா'. நர்கீஸ் நடித்தார். ஆஸ்கார் விருதுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் படம் இதுதான். இதே கதை 1978-ல் 'புண்ணிய பூமி' என்று தமிழில் வந்தது.

ராதாவின் கல்யாணத்துக்காக மாமியார் வாங்கிய கடன் 500 ரூபாய். எழுதியதைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டார். வருஷா வருஷம் விளைச்சலில் முக்கால் பங்கு வட்டிக்கே போகிறது. ராதாவின் கல்யாணக் காப்பும் வட்டிக்காரனிடம். அம்மாவின் காப்பை மீட்கவேண்டும் என்கிற வெறியிலேயே வளர்ந்த மகன் கடைசியில் கொள்ளைக்காரன் ஆகிறான். வட்டிக்காரனின் மகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, ஒரு பெண்ணின் மானம் போகக்கூடாது என்று ராதாவே மகனைச் சுடுகிறாள்.

மூன்றிலும் ஒரே விஷயம்

போர்வை, நிலம், காப்பு. மூன்று குடும்பமும் உழைப்பில் குறைவைக்கவில்லை. இந்தியப் படங்கள் இரண்டிலும் கணக்கு நோட்டு அடுத்தவன் கையில் இருந்தது. அதுதான் குடும்பத்தைக் கவிழ்த்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 50 ரூபாய் வட்டி. பத்து மாதம் கட்டினால் 500 ரூபாய் கட்டியிருப்போம். ஆனால் அசல் 500 அப்படியே நிற்கும்! அதே 500-ஐக் குழுவில் இரண்டு வட்டிக்கு உள்கடனாக வாங்கி, மாதம் 50 ரூபாய் அசலும் மீதிக்கு மட்டும் வட்டியும் கட்டினால், முதல் மாதம் வட்டி 10, அடுத்து 9, அப்புறம் 8. பத்து மாதத்தில் மொத்த வட்டி 55 ரூபாய். கடனே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைத்தது. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. இவ்வளவும் வந்தபிறகும் முந்திரிக் கொல்லையை ஒத்திக்கு விட்டுவிட்டு, நகையை அடகில் வைத்துவிட்டு, வாரக் கடனுக்கு ஓடுகிற சகோதரிகள் நம்மிடையே இருக்கிறோம். என்ன வட்டி, மீதி எவ்வளவு என்று கேட்டால் பல பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் கோபித்துக் கொள்வார்களோ என்ற பயம்.

பயப்பட வேண்டாம். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, சிறுகடன் நிறுவனம் நமக்குப் புரிகிற மொழியில் கடன் அட்டை தரவேண்டும். கட்டிய தவணைக்கு அதில் பதிவு இருக்கவேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வந்து தொந்தரவு செய்யக்கூடாது.

வெளியாரைக் கேட்பதற்கு முன்னால் நம் குழுவையும் கேட்கவேண்டும். பல குழுக்களில் ஊக்குநர் ஒருவரே எல்லா நோட்டும் எழுதுகிறார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஊக்குநர் நல்லவர்தான். இருந்தாலும் படித்துப் பார்க்காமல் போடும் கையெழுத்துக்கும் ராதா மாமியார் வைத்த கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் அடுத்த கூட்டத்திலிருந்து மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படிக்கவேண்டும். இரண்டு, எழுதத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் மாதம் மாறி மாறிக் கணக்கு எழுதவேண்டும். மூன்று, வெளியில் வாங்கிய கடன் அட்டையையும் அடகுச் சீட்டையும் கொண்டுவாங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படித்துச் சொல்லவேண்டும்.

சம்புவுக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. நமக்கு ஒரு குழுவே இருக்கிறது.