கபட்டில் படிந்த பனி



போன ஆனி மாதம் திம்புள்ளப் பக்கம் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய புது வீடு. லயத்துக் காம்பராவில் அடுப்பும் பாயும் ஒரே இடத்தில் இருந்தன. இங்கே தனிக் குசினி. அதில் பென்ட்ரி கபட் ஒன்றைத் தன் கையாலேயே அடித்திருந்தார். பாஸ் கூலி மிச்சம் என்று அவருக்குப் பெருமை.

மரம் மட்டும் ஊர்ப்பட்ட மரம். ஒரு கதவு மகோகனி, மற்றது பலா. சட்டமெல்லாம் சவுக்கு, கொழுந்து மலையில் நிழலுக்கு நிற்கிறதே, கிரவிலியா, அதுதான். பின்பலகை பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட். எல்லாவற்றையும் ஒரே நிறமாகக் காட்ட ஸ்ப்ரே கன் இரவல் வாங்கி லாக்கர் அடித்தார். பொழுது சாய்வதற்குள் கபட் முழுக்க மோர் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது.

“பூஞ்சணம் பிடிச்சிருச்சா அண்ணே?” என்றார்.

பூஞ்சணம் இல்லை. பனி. லாக்கரில் கலந்த தின்னர் காற்றில் பறக்கும்போது பலகையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பலகை சில்லிடுகிறது. குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளியே நீர் கோக்கிற மாதிரி, காற்றின் ஈரம் அதில் வந்து குந்திக்கொள்கிறது. லாக்கர் அதை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை வாசலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் நடந்து வரும் ஊர் இது. இங்கே இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

சுரண்ட வேண்டாம். வெயில் விழுகிற ஒரு காலைக்குக் காத்திருங்கள். மெல்லக் காயும் தின்னர் என்று கேட்டு வாங்கி, அதை மட்டும் பூந்தூறல் போல மேலே அடியுங்கள். லாக்கர் இளகும், ஈரம் வெளியேறும், பெரும்பாலும் வெள்ளையும் போய்விடும். பக்கத்தில் விறகடுப்பு எரியக் கூடாது. தின்னர் ஆவி பற்றிக்கொண்டால் கபட் மட்டுமா போகும்? மூக்கில் துணி கட்டினால் தூசிக்குச் சரி, ஆவிக்குப் போதாது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வறண்ட குளிர்காற்று வீசும். திம்புள்ளத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற காற்று. ஸ்ப்ரே வேலைக்கும் அதைவிட நல்ல காற்று கிடையாது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்குமே, ஒன்றுக்கு ஈரத் துணி சுற்றி? இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டீமேக்கர் பார்க்கிற அந்தக் கணக்கைத் தச்சரும் பார்க்கலாம்.

இனி நிறம். வெளிறிய பலகையைக் கறுத்ததன் பக்கம் கொண்டுவரலாம்; கறுத்ததை வெளுக்க வைப்பது பெரும்பாடு. சவுக்குக் கட்டையில் மீன் செதில் போல ஒரு மினுக்கம் ஓடும். அதன்மேல் நேரே சாயம் பூசினால் ஓரிடம் குடிக்கும், ஓரிடம் துப்பும், திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் சீலர் அடித்து, காய்ந்ததும் அரத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு லாக்கரில் துளி நிறம் கலந்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய கன்னைப் பிடித்து, வெளிறிய பலகையில் மட்டும் மென்மையாக மூன்று தடவை. ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத லாக்கர். டியூப்லைட்டில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பலகையை வாசலுக்குத் தூக்கி வாருங்கள்.

பலா இருக்கிறதே, அது பொல்லாதது. அறுத்த அன்று மஞ்சள். பிக்குமாரின் காவிக்கு அதன் கட்டையிலிருந்தும் சாயம் காய்ச்சுவார்கள். வெளிச்சம் படப்பட அதுவே பழுப்பாகிவிடும். மகோகனியும் கறுக்கும். இன்று ஜோடி சேர்த்த இரண்டும் அடுத்த வருஷம் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். நானாக இருந்தால் பலகைகளை இரண்டு மூன்று வாரம் வெயிலில் காட்டிவிட்டுத்தான் நிறத்தைப் பற்றியே யோசிப்பேன்.

பின்பலகைக்கு என்ன நிறம் அடிக்க என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. அந்தப் பெட்டியைப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று! பீங்கான்களை ஒதுக்கிப் பார்த்தால், கறுப்பு மையில் பீ.ஓ.பி.எஃப். என்ற தேயிலைத் தர எழுத்து. தலைகீழாக நின்றது.

தம்பியின் அம்மா எட்டிப் பார்த்தார். “ஸ்டோருல பெட்டி அடிச்ச மனுசன் ஒங்கப்பா. நீ பலகையக் கவுத்து அடிச்சிருக்கியேடா!”