குரலுக்கும் ஒரு வயது உண்டு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



லண்டனில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதனால் எங்கள் பழைய மாணவியர் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மகள் மேற்கத்திய சங்கீதத்தில் எட்டாம் தரம் சித்தியடைந்துவிட்டாள். ஒப்பெரா படிக்கப் போகிறாளாம். விடலாமா?"

எட்டாம் தரம் பட்டப்படிப்புக்கு வாசற்படி மட்டுமே. முழு ஒப்பெராப் பயிற்சி பெரும்பாலும் பட்டத்துக்குப் பிறகு, முதுமாணி நிலையில்தான் தொடங்குகிறது. லண்டன் றோயல் அக்கடமியிலும் கிளாஸ்கோவில் உள்ள ஸ்கொட்லாந்து றோயல் கொன்சவற்றோயரிலும் அப்படித்தான். சான்றிதழ் காட்டி உள்ளே போகமுடியாது, பாடிக்காட்டவேண்டும்.

இதற்குக் காரணம் தொண்டை. 60, 70 பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு மேலாக, ஒலிவாங்கி இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடவேண்டும். அந்தப் பலம் 18 வயதில் வராது. பெண்குரல் 30 வயதையொட்டித்தான் முற்றுகிறது. கனத்த குரலுக்கு இன்னும் தாமதம். அவசரப்பட்டுப் பெரிய பாத்திரங்களைப் பாடும் பிள்ளை குரலைக் கெடுத்துக்கொள்ளும்.

படிப்பில் பாட்டு ஒரு பங்குதான். இத்தாலிய, ஜேர்மன், பிரெஞ்சுப் பாட்டுகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதவேண்டும். பிறகு உச்சரிப்பு. அதில் ஒரு உயிரெழுத்துக்காக நான் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டியதுண்டு. நடிப்பு, அசைவு, மேடைச் சண்டைகூட உண்டு.

மியூசிக்கல் தியேட்டர் வேறு தொழில். முதுமாணிப் படிப்பு பொதுவாக ஒரு வருடம். ஒலிவாங்கி உண்டு, குரல் பேச்சுக்குக் கிட்ட நிற்கும், ஆட்டமும் தெரியவேண்டும். லண்டனில் வாரத்துக்கு 8 காட்சிகள். அதைச் சுலபம் என்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும்! இரண்டிலும் நிற்பவர்கள் குறைவு. டனியேல் டி நீஸ் ஒருவர். மெல்பேணில் பிறந்தவர், பெற்றோர் இலங்கையர். 19 வயதில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் மேடையில் ஒரு சிறு பாத்திரம். கிளைன்ட்போர்னில் கிளியோபாட்ராவாகப் பாடிப் பெயரெடுத்தது 2005இல். 2023இல் லண்டனில் ஒரு மியூசிக்கல்.

வைத்தியத்துக்குப் படிக்கும் பிள்ளை 32 வயதிலும் பரீட்சை எழுதினால் பெருமையாக ஊருக்கெல்லாம் சொல்லுகிறோம். பாட்டுப் படிப்பவளிடம் மட்டும் 25 வயதிலேயே, "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்து, குரல் திறக்கும் நேரத்தில் படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் வீட்டை ஈடுவைத்து அனுப்பவேண்டாம். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் பெரிது, வேலை நிச்சயமில்லை. புலமைப்பரிசில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் இங்கேயே பயிற்சி செய்து, திரும்பவும் பாடிக்காட்டட்டும். அந்த வருடம் குரலுக்கு நல்லதே செய்யும்.

நாளை காலை 9 மணி முதல் மண்டபத்தில் பியானோவுடன் இருப்பேன். பிள்ளைகள் இரண்டு பாட்டோடு வரட்டும். ஒலிவாங்கி வேண்டாம். அம்மாமார் வெளியே இருந்தால் நல்லது.