மடுல்கெல்லவுக்கு வந்த வானொலி மணிக்கூடு

கண்டியிலிருந்து வத்தேகமை, பன்விலை வழியாக மலையேறிச் செல்லும் பஸ் வண்டி, தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து வளைந்து மடுல்கெல்லவை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த அவ்வூரில், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாயிருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவரின் இல்லத்துக்கு ஜேர்மனியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சுவர் மணிக்கூட்டின் கதையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

விடுமுறைக்கு வந்த மகள் அதனைத் தந்தைக்குப் பரிசாகக் கொணர்ந்தாள். வானொலி அலையினால் தானாகவே நேரத்தைத் திருத்திக் கொள்ளும் மணிக்கூடு அது; பத்து இலட்சம் ஆண்டுகளில் ஒரு விநாடிதான் பிசகும் என்று பெட்டியின்மீது அச்சிட்டிருந்தது. ஐம்பதாண்டுக் காலம் பிரட்டுக்களத்தின் நேரத்துக்கு வாழ்ந்து பழகிய பெரியவருக்கு அதன்மேல் பிறந்த மதிப்பைச் சொல்லி முடியாது. மகள் புறப்பட்டுச் சென்ற மறுநாள், பகலுணவுக்குப் பின் பன்னிரண்டரை மணியளவில், அதில் பற்றறியைப் பொருத்தினார். முட்கள் விரைந்து சுழன்று பன்னிரண்டில் வந்து நின்றன. ‘நேரத்தைத் தேடுகிறது போலும்’ என்றெண்ணி அவர் சற்றே கண்ணயர்ந்தார். எழுந்து பார்க்கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பழைய மணிக்கூட்டுக்கும் அதற்கும் ஏறத்தாழ நாற்பது நிமிட வேற்றுமை இருந்தது. பெரியவர் ஐயுறவில்லை, பழைய மணிக்கூட்டின் முள்ளையே பின்னுக்குத் தள்ளி வைத்தார்!

அன்று மாலை மழை கொட்டியது, மின்சாரம் நின்றது, வானொலியும் கைத்தொலைபேசியும் மௌனமாயின. மறுநாள் விடியற்காலை, மாதந்தோறும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்று இரத்த அழுத்தத்துக்கு மருந்து பெற்றுவரும் மனைவியை அழைத்துக்கொண்டு அவர் சந்திக்கு வந்தபோது, முதல் பஸ் போய் வெகுநேரமாகிவிட்டது. அடுத்த வண்டியில் சென்றும் கிளினிக் வரிசையில் இடம் கிட்டவில்லை. அம்மையார் வெறுங்கையுடன் திரும்பினார். “சாமி மாதிரி நம்பினீங்களே அந்த மணிக்கூட்டை” என்று மட்டும் சொன்னாராம். கையிருப்பிலோ இரண்டு நாள் மாத்திரைதான் இருந்தது.

பிழை எங்கே என்பதை வார இறுதியில் வீட்டுக்கு வந்த பேர்த்திதான் கண்டுபிடித்தாள். கண்டியில் விடுதியில் தங்கி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் பெண் அவள்.

“தாத்தா, மணிக்கூடு பழுதில்லை. அது ஜேர்மனிக்காரர் பேசுறதைக் கேட்கப் பார்க்குது. இங்கே அது காதில விழல.”

அவள் சொன்னது உண்மையே. ஜேர்மனியில் பிராங்பேர்ட் நகருக்கு அண்மையில் மைன்பிளிங்கன் என்னுமிடத்தில் 50 கிலோவாற்று வலுவுள்ள ஒலிபரப்பி ஒன்று 1959ஆம் ஆண்டு முதல் நேர சேவை நடத்தி வருகிறது. அதன் அலைவரிசை 77.5 கிலோஹேர்ட்ஸ், அதாவது நமது மத்திய அலைக்கும் கீழே, நெட்டலையில் உள்ளது. சீசியம் அணுவின் துடிப்பைக் கொண்டு இயங்கும் மணிக்கூடு அதனை ஆள்கிறது. அவ்வணுவின் 919,26,31,770 துடிப்புகளே ஒரு விநாடி என 1967இல் உலகம் ஒப்புக்கொண்டது.

அவ்வொலிபரப்பி நேரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. விநாடிதோறும் அதன் வலு சிறிது நேரம் தாழ்கிறது. பத்திலொரு விநாடி தாழ்ந்தால் அது சுழி. பத்தில் இரண்டு பங்கு தாழ்ந்தால் அது ஒன்று. தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பியதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குறு அடி, நெடு அடி என்னும் இரண்டைக் கொண்டே நிமிடம், மணி, தேதி, கிழமை, மாதம், ஆண்டு யாவும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கப்படுகின்றன. நிமிடத்தின் இறுதி விநாடியில் அடி இல்லை. அந்த மௌனமே அடுத்த நிமிடம் பிறக்கப் போவதற்கு அடையாளம்.

ஆனால் அத்தப்பின் ஓசை ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் தூரமே நம்பத்தக்கவாறு கேட்கும். மடுல்கெல்லவோ சுமார் 8,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. யப்பானிலும் சீனாவிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. எனினும் சீனத்தின் சாங்ச்சியூ நிலையம்கூட நமக்கு 4,600 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் உள்ளது. ஆகவே பெரியவரின் மணிக்கூடு சில நிமிடம் செவிசாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமையால், நின்ற இடமாகிய பன்னிரண்டிலிருந்தே சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூடாக ஓடத் தொடங்கியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. அதற்கு நேரமே தெரியாது. தெரியாததை மறைக்கும் முகம் மட்டும் அதற்கு வாய்த்திருந்தது.

கேட்டிருந்தாலும் வேறோர் இடர் உண்டு. அது சொல்வது ஜேர்மனியின் நேரம்; குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி பின், கோடையில் மூன்றரை மணி பின். வலயத்தை மாற்ற இடமளிக்கும் மணிக்கூடுகளிலும் பல, முழு மணிகளாக மட்டுமே மாற்ற விடுகின்றன. அந்த அரை மணி நமக்குப் பழைய சொத்து. 1906ஆம் ஆண்டு முதல் இலங்கை கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே நிற்கிறது. யுத்த காலத்தில் 1942இல் முட்கள் முன்னே தள்ளப்பட்டு, 1945இல் மீண்டன. மின்சார நெருக்கடி வந்த 1996ஆம் ஆண்டில் மே மாதம் ஒரு மணி முன்னே சென்று, ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தன. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். பிள்ளைகள் இருளில் பாடசாலை செல்ல நேர்ந்தது என்பதே அப்போது பெரிதும் எழுந்த முறைப்பாடு. லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிச் செல்லும் சிறுவருக்கு அரை மணி வெளிச்சம் எவ்வளவு பெரிதென்பதை மலைநாட்டுப் பெற்றோர் அறிவர். அந்நாட்களில் முள்ளைத் திருப்பியவை மனிதக் கைகளே. எந்த அலையும் அல்ல.

மணிக்கூட்டின் பின்புறத்தில் இருந்த பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் முட்களைக் கையாலேயே திருத்தலாம் என்பதைப் பேர்த்தி கண்டாள். கைத்தொலைபேசியைப் பார்த்துத் திருத்தியும் விட்டாள். இத்துடன் விட்டிருந்தாலும் குறையில்லை. குவார்ட்ஸ் மணிக்கூடு மாதத்துக்குப் பதினைந்து இருபது விநாடிதான் பிசகும். பஸ்ஸுக்கு அது போதும். ஆனால் பெரியவரின் முகவாட்டம் அவளுக்குப் பொறுக்கவில்லை. மகள் அன்போடு தந்த பொருள் தன் சிறப்பை இழந்து கிடப்பது அவருக்குத் துயராயிருந்தது.

அடுத்த வாரம் அவள் ஓர் உபாயத்தோடு வந்தாள். நேர அலையைப் போன்ற ஓசையைக் கைத்தொலைபேசியிலேயே எழுப்பும் செயலிகள் இருக்கின்றன. கைத்தொலைபேசியால் 77.5 கிலோஹேர்ட்ஸை நேரே எழுப்ப இயலாது. ஆனால் 15.5 கிலோஹேர்ட்ஸ் ஓசையை முழு வலுவில் எழுப்பினால் அதன் ஐந்து மடங்கான 77.5 இலும் மெல்லிய அதிர்வு தோன்றும். காதில் மாட்டும் கருவியின் கம்பியை மணிக்கூட்டின் பின்புறத்தில், செம்புக் கம்பி சுற்றிய சிறு காந்தத்தண்டுக்கு அருகே சுற்றி வைத்தால், அந்த மெல்லிய அதிர்வு சாண் தூரத்துக்குப் போதுமானது. (அவ்வேளையில் கருவியைக் காதில் மாட்டலாகாது; ஓசை செவிக்குத் தீங்கு.) செயலியில் அவள் இலங்கை நேரத்தையே குறித்தாள். மணிக்கூடோ அதனை ஜேர்மனிய நேரமென்றே எண்ணி ஏற்றுக்கொள்ளும். அரை மணிச் சிக்கலும் அவ்வாறே தீர்ந்தது.

இரவு எட்டு மணியளவில் மூவரும் மேசையைச் சூழ்ந்து அமர்ந்தனர். பற்றறி பொருத்தப்பட்டது. முட்கள் பன்னிரண்டில் நின்றன. ஒரு நிமிடம் சென்றது. இரண்டு, மூன்று, நான்கு நிமிடங்கள் சென்றன. “கம்பியைக் கொஞ்சம் திருப்பு, ஆத்தா” என்றார் பெரியவர். திருப்பினாள். மேலும் சிறிது நேரத்தில் முட்கள் திடீரெனச் சுழன்று எட்டு மணி பதினோரு நிமிடத்தில் வந்து நின்று, விநாடி முள்ளும் அசையத் தொடங்கியது. அம்மையார் வானொலிப் பெட்டியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர் நேரம் சொன்னபோது, பெரிய முள்ளும் பன்னிரண்டில் நின்றது.

இப்போது மாதத்துக்கொரு முறை, கிளினிக்குக்கு முந்திய நாளில், பெரியவரே அக்கம்பியைச் சுற்றி வைக்கிறார். பழைய மணிக்கூட்டையும் அவர் கழற்றவில்லை. இரண்டும் ஒரே சுவரில் அருகருகே தொங்குகின்றன. இரண்டில் ஒன்று பிசகினால் வானொலி கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அம்மையாரின் பொறுப்பு.