கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு விழித்திரையில் வரும் ஆபத்து

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் கண் கிளினிக் தாதி ஒருவர் பேசியது)



குளோக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் இங்கேயே சில பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டு ஆட்களுக்கும்தான் இந்தப் பேச்சு.

கண்ணின் உட்புறத்தில், பின்பக்கமாக, மெல்லிய தாள் மாதிரி விழித்திரை இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதிலேதான் விழுகிறது. அதற்கு இரத்தம் கொண்டு வரும் குழாய் ஒன்று, திருப்பிக் கொண்டு போகும் குழாய் ஒன்று. இரண்டும் பார்வை நரம்போடு ஒரே வழியால்தான் போய் வருகின்றன. கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் நரம்பு மட்டுமா நசுங்கும்? திரும்பிப் போகிற குழாயும் அடைபடலாம். பிரஷரும் சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூட. மழைக்குக் கான் அடைபட்டால் தண்ணீர் லயத்துக்குள் ஏறுகிற மாதிரி, இரத்தம் விழித்திரையில் கசிந்துவிடும்.

நோவு இருக்காது. காலையில் எழும்பிப் பார்த்தால் ஒரு கண் மங்கல். "பழைய வருத்தம்தானே, அடுத்த கிளினிக்கில சொல்லுவோம்" என்று இருந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை இதுதான். குளோக்கோமா பெரும்பாலும் ஓரத்திலிருந்து மெதுவாக, வருஷக் கணக்கில் பார்வையைத் தின்னும். ஒரே இராத்திரியில் மங்கினால் அது வேறே சங்கதி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண் ஒரேயடியாக இருண்டுவிட்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஏன் இந்த அவசரம்? அடைப்பு பலமாக இருந்தால், இரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை கண்மணியைச் சுற்றிப் படர்ந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற வழியை மூடிவிடும். அப்புறம் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். கண் சிவந்து, தாங்க முடியாத குத்து வரும். அநேகமாக மூன்று மாதத்தில் வருவதால் டொக்டர்மார் இதற்கு 'நூறு நாள் குளோக்கோமா' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். முதலிலேயே காட்டி, வரச் சொன்ன நாளெல்லாம் வந்தால், லேசர் பிடித்தோ ஊசி போட்டோ இதைப் பெரும்பாலும் தடுக்கலாம். போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கண்ணுக்குள் ஊசியா என்று பயப்படாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள்.

ஒரு நாள் பேர் போகும், தெரியும். என்றாலும் வாருங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்துப் போத்தலையும் மறக்க வேண்டாம். கண்மணியைப் பெரிசாக்க மருந்து விட்டால் சில மணித்தியாலம் கண் கூசும். மலைப்பாதையில் தனியே இறங்க ஏலாது. அதனால் கூடப் பிறந்த ஒருவரையே துணைக்குக் கூட்டி வாருங்கள். இந்த நோய் குடும்பத்தில் ஓடுகிற ஒன்று. 40 வயது தாண்டியவரென்றால் அவருக்கும் அன்றைக்கே அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.